ஓய்வு நாட்களும் பகலொளியும்

(பங்கின் பொன்விழாவையொட்டி, மூத்தோர் நாளன்று பங்குக் கூடத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டில் மூத்தோருக்கென ஒரு நாளை ஒதுக்க வேண்டும் என்று முடிவானபோது, அன்று எதைப் பற்றிப் பேசுவது என்ற கேள்வியும் எழுந்தது. "சாமி, பொறுமையைப் பற்றிப் பேசுங்கள்" என்றார் ஒரு பெரியவர். "மருமகள்மாரைப் பற்றிப் பேசுங்கள்" என்றார் ஓர் அம்மாள். இரண்டும் ஒரே தலைப்புத்தான் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டோம். ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது வெளிச்சம். ஞான வெளிச்சம் என்று எண்ணிவிட வேண்டாம். அதற்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. தினமும் கிழக்கே கிளம்பி வந்து, காசு கேட்காமல் நம் வாசலில் நிற்கிறதே, அந்தப் பகல் வெளிச்சத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

நம் பங்கு பொன்மலைப் பணிமனையை நம்பி வளர்ந்த பங்கு. தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது 1928ஆம் ஆண்டு. அதற்குப் பின் அப்பனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று மூன்று தலைமுறையாக அதில் உழைத்த குடும்பங்கள் இக்கூடத்தில் அமர்ந்திருக்கின்றன. ஆசிரியைகளாகவும், தாதியராகவும், தபால் அலுவலகத்திலும் பணி செய்து ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறீர்கள். மத்திய அரசுப் பணியில் 1998 முதல் ஓய்வு வயது 60. தமிழக அரசுப் பணியில் 58ஆக இருந்தது 2020இல் 59ஆகி, 2021இல் 60ஆயிற்று. அறுபது வயதை எட்டிய நம் நாட்டவர் சராசரியாக இன்னும் 17, 18 ஆண்டுகள் வாழ்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நாம் இருந்த காலத்தைவிட நீண்ட காலம் இது. பள்ளிக்கு நம்மை அனுப்பப் பெற்றோர் பட்ட பாட்டில் நூறில் ஒரு பங்காவது இக்காலத்திற்கு நாம் ஆயத்தம் செய்கிறோமா என்றால், இல்லை.

ஓய்வு பெறும் நாளன்று நடப்பதை நீங்கள் அறிவீர்கள். சந்தன மாலை, பொன்னாடை, கூட்டாளிகளோடு ஒரு புகைப்படம், வீடு வரை ஊர்வலம். பரிசு பெரும்பாலும் ஒரு சுவர்க் கடிகாரம். நாற்பது ஆண்டு கடிகாரத்துக்குப் பயந்து ஓடியவருக்கு, இனிமேல் அது வேண்டியதில்லை என்ற நாளில் கடிகாரம் கொடுக்கிறோம்! ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் ஓர் அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது. சங்கு ஊதி நேரம் சொன்ன பணிமனை போய்விட்டது. இனி நேரத்தை நீரே பார்த்துக்கொள்ளும் என்பது போல.

இரயில்வேக்காரர்களாகிய உங்களுக்கு ஒன்று தெரியும். கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து தினமும் 16 மணிக்கு, அதாவது மாலை 4 மணிக்கு, எல்லா நிலையங்களுக்கும் சரியான நேரம் அறிவிக்கப்படும். நிலைய அதிகாரி தம் கடிகாரத்தைப் பார்த்து, அரை நிமிடம் முந்தியிருந்தாலும் பிந்தியிருந்தாலும் திருத்திக்கொள்வார். நல்ல கடிகாரம்தானே, ஏன் தினமும் திருத்த வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. எவ்வளவு நல்ல கடிகாரமானாலும் தனியே விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். ஒரு நிலையம் விலகினால் வண்டிகளின் கதி என்ன?

நம் உடம்புக்குள்ளும் அப்படி ஒரு கடிகாரம் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இடத்திற்குச் சற்று மேலே, மிகச் சிறிய ஒரு நரம்புக் கூட்டம். எப்போது உறக்கம் வரவேண்டும், எப்போது பசிக்க வேண்டும், உடலின் சூடும் இரத்த அழுத்தமும் எந்நேரம் ஏறி எந்நேரம் இறங்க வேண்டும் என்பதற்கெல்லாம் கொடி அசைப்பது அதுவே. உயிரணுக்களுக்குள் இக்கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டு சொன்ன மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதரிடத்தில் இக்கடிகாரத்தின் ஒரு சுற்றுக்கு 24 மணிக்குமேல் சராசரியாகப் பத்து நிமிடம் போல ஆகிறது. ஆகவே திருத்தாமல் விட்டால் தினமும் பத்து நிமிடம் பிந்திக்கொண்டே போகும். திருத்தும் அறிவிப்பு எது? காலையில் கண்ணுக்குள் புகும் வெளிச்சம்.

இதில் ஒரு வியப்பு என்னவென்றால், இந்த வேலையைச் செய்பவை நாம் பொருள்களைப் பார்க்கப் பயன்படும் உயிரணுக்கள் மட்டுமல்ல. விழித்திரையில் வேறு சில நரம்பணுக்கள் தாமே வெளிச்சத்தை உணர்ந்து அக்கடிகாரத்திற்குச் செய்தி அனுப்புகின்றன என்று 2002இல்தான் தெளிவாகத் தெரிய வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத அளவுக்குப் பார்வை மங்கிய சிலருக்குங்கூட இந்த அணுக்கள் வேலை செய்துகொண்டிருக்கும். ஆகவே, "எனக்குத்தான் கண் தெரியாதே, வெளியே போய் என்ன செய்ய" என்று சொல்லும் பாட்டிமாரும் வெளியே வந்து உட்காரத்தான் வேண்டும்.

இனிச் செய்திக்கு வருவோம். நீங்கள் வேலைக்குப் போன காலத்தில் விடியற்காலையில் எழுந்து, குளித்து, சாப்பாட்டுத் தூக்கைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு பணிமனைக்கு மிதித்தீர்கள். இருபது நிமிடமோ அரை மணியோ, வானத்தின்கீழ் வெளிச்சத்தில் போனீர்கள். ஆசிரியையாக இருந்தவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றார். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளோடு திறந்த வெளியில் நின்றார். அதை ஒரு மருந்து என்று யாரும் எண்ணவில்லை. தொல்லை என்றே எண்ணினோம். வேலை நமக்குச் சம்பளம் கொடுத்தது; கூடவே, நாம் கேட்காமலே, நாள்தோறும் காலை வெளிச்சத்தையும் ஊட்டி வந்தது. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து இரண்டும் நிற்கின்றன. சம்பளத்துக்குப் பதிலாக ஓய்வூதியம் வருகிறது. வெளிச்சத்துக்குப் பதிலாக எதுவும் வருவதில்லை.

வீடும் மாறிவிடுகிறது. இரயில்வே குடியிருப்பில் இருந்தவரை முன்னால் தாழ்வாரம், பின்னால் ஒரு கொல்லை, ஒரு வேப்ப மரம், நாலு வாழை. ஓய்வு பெற்ற சில மாதங்களுக்குள் அதைக் காலி செய்து கொடுக்க வேண்டும். பிறகு சொந்தமாகக் கட்டிய வீடோ, மகன் வாங்கிய அடுக்கு மாடியோ. பக்கத்து வீட்டுச் சுவர் நம் சன்னலிலிருந்து மூன்று முழம். கொசுவுக்குப் பயந்து ஒரு கதவை அடைக்கிறோம். திருடனுக்குப் பயந்து இன்னொன்றை. குளிர்சாதனம் வைத்த வீட்டில் எல்லாமே அடைப்பு.

நம் முன்னோர் கட்டிய வீட்டில் திண்ணை இருந்தது, முற்றம் இருந்தது. மழை நேரே வீட்டுக்குள் விழுந்தது, வெயிலும் விழுந்தது. தாத்தாவுக்கு அறை என்று ஒன்று கிடையாது, திண்ணைதான். அங்கே கயிற்றுக் கட்டிலில் இருந்தபடி அவர் தபால்காரரிடம் கடிதம் வாங்குவார், கீரைக்காரியிடம் விலை பேசுவார், தெருவில் ஓடும் பிள்ளையை அதட்டுவார், யார் வீட்டில் யார் வந்து போகிறார்கள் என்று கணக்கு வைப்பார். அவருக்கு வெளிச்சமும் இருந்தது, வேலையும் இருந்தது. பழைய வீட்டில் எல்லாம் சுகம் என்று நாம் சொல்ல வரவில்லை. பெண்கள் புகைக்குள் வெந்த சமையலறையும் அதே வீட்டில்தான் இருந்தது. திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்தபோது தாத்தாவின் இடம் எங்கே போயிற்று என்று மட்டும் கேட்கிறோம். பல வீடுகளில் அது நடு அறைக்குப் பின்னால் உள்ள உள்ளறைக்குப் போயிற்று. பகலிலும் விளக்குப் போட்டால்தான் மாத்திரைப் பட்டை கண்ணுக்குத் தெரியும் அறை அது.

விளக்குத்தான் இருக்கிறதே என்பீர்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். குழல் விளக்குப் போட்ட நம் வீட்டு அறையில் 100 முதல் 300 லக்ஸ் இருந்தால் அதிகம். மழை மேகம் மூடாத மந்தமான நாளில் வெளியே 10,000. முழு வெயிலில் 1,00,000. மர நிழலில் உட்கார்ந்தால்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு. நம் கண்ணுக்கு இவ்வளவு வேறுபாடு தெரிவதில்லை, ஏனெனில் கண் தன்னைச் சுருக்கி விரித்துச் சமாளித்துக்கொள்கிறது. உள்ளேயிருக்கும் கடிகாரம் ஏமாறுவதில்லை.

அதோடு வயதும் சேருகிறது. கண்ணின் வில்லை ஆண்டுக்காண்டு மஞ்சளேறுகிறது, பாப்பாவும் சிறுத்துப்போகிறது. இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போகிறது. ஆகவே இளைஞனைவிட முதியவருக்கு அதிக வெளிச்சம் வேண்டும். நாம் கொடுப்பதோ குறைவு. கண்புரையை அகற்றிக்கொண்டவர்கள் சிலர், "பார்வை வந்தது சரி, தூக்கமும் நன்றாக வருகிறதே" என்று வியப்பது இதனால்தான். புரை முற்றட்டும் என்று காத்திருந்த காலம் மலையேறிவிட்டது. மருத்துவர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

கண்புரை என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். மதுரையில் அரசுக் கண் மருத்துவராயிருந்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல், 58ஆம் வயதில் ஓய்வு பெற்றார். இளமையிலேயே வந்த முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அதே ஆண்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006இல் அவர் மறைவதற்குள் அது எவ்வளவு வளர்ந்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் அவராக முடியாது. அதையும் நாம் எதிர்பார்க்கவில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலும் அவருக்குப் போவதற்கு ஓரிடம் இருந்தது என்பதை மட்டும் பார்க்கிறோம். போவதற்கு ஓரிடம் இருப்பவர் தானாகவே வாசற்படி தாண்டுகிறார்.

ஓய்வு பெற்றாலே ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்று ஒரு பேச்சு நம்மிடையே உண்டு. "போர்மன் ரிட்டயர் ஆனார், ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்தார்" என்று ஒருவர் கதையைச் சொல்லியே நூறு பேரைப் பயமுறுத்துகிறோம். பிரான்ஸ் நாட்டு மின்சார, எரிவாயு நிறுவனப் பணியாளர் 14,000க்கும் மேற்பட்டோரை ஓய்வுக்கு முன் ஏழு ஆண்டும் பின் ஏழு ஆண்டும் தொடர்ந்து கவனித்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஓய்வுக்குப் பின் உறக்கக் கோளாறு கூடவில்லை, குறைந்தது. மனச்சுமை மிகுந்த வேலை செய்தவர்களுக்கு நன்மை இன்னும் அதிகம். ஓய்வே நோயன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்கள் நல்ல ஓய்வூதியம் உறுதியாயிருந்தவர்கள். ஒப்பந்தத் தொழிலாளியாகவும் சித்தாளாகவும் உழைத்து, ஓய்வூதியம் என்ற சொல்லே தெரியாமல் முதுமைக்கு வந்தவர்களும் இக்கூடத்தில் பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஆய்வு ஒன்றும் சொல்வதில்லை.

வெளிச்சத்தைப் பற்றி இன்னும் நேரடியான ஆய்வு ஒன்று நெதர்லாந்து நாட்டில் நடந்தது, 2008இல் வெளிவந்தது. 12 முதியோர் இல்லங்கள், 189 பேர், சராசரி வயது 85க்கு மேல், பெரும்பாலோர் நினைவு தடுமாறியவர்கள். சில இல்லங்களின் பொதுக் கூடத்தில் விட்டத்து விளக்குகளைக் கூட்டிப் பகல் முழுவதும் ஏறத்தாழ 1,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கச் செய்தார்கள். மற்றவற்றில் 300 அளவில் வழக்கம்போல். வெளிச்சம் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது; நினைவு தேய்வதும் சற்று மட்டுப்பட்டது. சற்றுத்தான், அற்புதம் என்று நாம் மிகைப்படுத்த மாட்டோம். கனடா நாட்டில் எட்மன்டன் நகர மருத்துவமனை ஒன்றில், கடும் மனச்சோர்வோடு சேர்ந்தவர்களில் வெயில் படும் அறையில் இருந்தவர்கள் சராசரி 16.9 நாளிலும், வெயில் படாத அறையில் இருந்தவர்கள் 19.5 நாளிலும் வீடு திரும்பினார்கள் என்று 1996இல் எழுதியிருக்கிறார்கள். அறை ஒதுக்கியதில் எந்த உள்நோக்கமும் இல்லை. கட்டில் காலியான வரிசையில் கொடுத்தார்கள், அவ்வளவே.

அந்நாடுகளில் குளிர்காலத்தில் பகல் ஏழெட்டு மணி நேரம்தான். அவர்கள் சூரியனுக்காக ஏங்குவதில் பொருள் உண்டு. நம் திருச்சியிலோ மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் வேறுபாடு ஒன்றேகால் மணி நேரம்தான். ஆண்டு முழுவதும் விருந்து வைத்திருக்க, உள்ளறையில் பட்டினி கிடக்கிறோம்.

நம் பங்கில் நடந்ததையே சொல்வோம். பெயர் வேண்டாம், சொல்லலாம் என்று வீட்டார் இசைந்திருக்கிறார்கள். ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். மனைவி இறந்தபின் மகன் வீட்டுக்கு வந்தார். உள்ளறை கிடைத்தது. ஓராண்டு சென்றது. ஒருநாள் மருமகள் பங்கு இல்லத்திற்கு வந்து, "சாமி, மாமாவுக்குப் புத்தி பேதலித்துப் போச்சு. பகலெல்லாம் தூங்குறார். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து வேலைக்கு நேரமாச்சுன்னு சட்டை மாட்டுறார். கதவைத் தட்டுறார். வீட்டுல யாருக்கும் தூக்கமில்லை. செபம் பண்ணி மந்திரிச்சு விடுங்க" என்று அழுதார். நாம் அவ்வீட்டுக்குப் போனோம். செபிக்கவும் செய்தோம். பிறகு, மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொன்னோம். அந்த மருத்துவர் நிதானமானவர். இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார். தூக்க மாத்திரையை உடனே எழுதிவிடவில்லை. "இவர் எந்த அறையில் இருக்கிறார்?" என்றுதான் கேட்டார்.

கட்டில் வாசல் பக்கத்துக்கு வந்தது. காலை ஆறரைக்குப் பேரன் அவரைக் கைபிடித்து வெளியே கூட்டிப்போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தான், காப்பியும் அங்கேதான். எட்டு மணி வரை இருந்தார். பகல் உறக்கம் அரை மணிக்கு மேல் போகாமல் எழுப்பினார்கள். முதலில் கோபித்தார், பிறகு பழகினார். இரவு ஒன்பதுக்கு மேல் அவர் படுக்கும் இடத்தில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இல்லை. ஒரு மாதத்துக்குள் இரவு ஒருமுறை எழுந்து படுப்பதோடு நின்றது. மறதி போய்விட்டதா என்றால், இல்லை. அது கூடிக்கொண்டுதான் இருக்கிறது. பேரன் பெயரை மாற்றிச் சொல்கிறார். ஆனால் வீடு உறங்குகிறது. உறங்கிய வீட்டில் அவரிடம் பேசும் குரலும் மாறிவிட்டது என்பதை நாம் நேரில் கண்டோம்.

இப்போது ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். இளங்காலை வெயிலில் நின்றால் எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி கிடைக்கும் என்று பலர் நம்புகிறோம். காலை வெளிச்சம் கண்ணுக்கும் கடிகாரத்துக்கும் நல்லது. எலும்புக்கு அதில் அதிகம் இல்லை. தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர்கள் சூரியன் சாய்வாக இருக்கும்போது காற்று மண்டலத்திலேயே தங்கிவிடுகின்றன. நமக்கு அருகில் திருப்பதியில் ஆய்ந்த மருத்துவர்கள் பகல் 11 மணி முதல் 2 மணி வரைதான் அதற்கு ஏற்ற நேரம் என்று கண்டார்கள். எளிதான அடையாளம் ஒன்று உண்டு: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் அக்கதிர் வருகிறது, நெட்டையாக இருந்தால் வரவில்லை. சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் வராது. கண்ணாடி அதைத் தடுத்துவிடும். கருத்த தோலுக்கு அதிக நேரம் தேவை. முதியவர் தோலோ இளையவர் தோலைப்போலப் பாதியளவுகூட உண்டாக்குவதில்லை. இவ்வளவு வெயில் காயும் நாட்டில் இவ்வளவு பேருக்கு வைட்டமின் டி குறைவு என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இப்போது விளங்கும்.

அதற்காகச் சித்திரை வெயிலில் நடுப்பகலில் போய் நிற்காதீர்கள்! திருச்சி வெயில் விளையாட்டில்லை. வயதானவர்க்குத் தாகமும் சரியாகத் தெரியாது, வியர்வையும் குறைவு. மயங்கி விழுந்தால் மீட்பது கடினம். கார்த்திகை முதல் மாசி வரை உள்ள மாதங்களில், கையும் காலும் படும்படி பதினோரு மணிக்குமேல் சிறிது நேரம் போதும். கோடையில் அந்த ஆசையை விட்டுவிட்டு, காலை வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எலும்புக்கு மருத்துவரைக் கேளுங்கள். 60,000 யூனிட் பொட்டலத்தை வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று அவர் எழுதினால் எட்டு வாரத்தோடு நிறுத்த வேண்டும். நல்லதுதானே என்று வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்து இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேறு நோய்க்கு மருந்து உண்பவர்களும், தோல் நோய் உள்ளவர்களும் வெயிலில் நிற்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. சூரியனை நேரே பார்க்கவே கூடாது. குடை பிடித்தாலும் தொப்பி வைத்தாலும் கடிகாரத்துக்கு வேண்டிய வெளிச்சம் சுற்றியுள்ள வானத்திலிருந்து கிடைத்துவிடும்.

தாய்மார்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சமையலறைக்கு ஓய்வு வயது கிடையாது, பென்ஷனும் கிடையாது. ஆசிரியையாக ஓய்வு பெற்றவர் மறுநாளே முழுநேரச் சமையற்காரியாகவும் பேரப்பிள்ளைகளின் ஆயாவாகவும் நியமனம் பெறுகிறார். முன்பு பள்ளிக்குப் போகும் சாக்கில் கிடைத்த வெளிச்சமும் தோழியர் பேச்சும் போய், காலை ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை அடுப்படி. நல்ல வெளிச்சம் வெளியே இருக்கும் நேரமெல்லாம் அவர் உள்ளே. பிள்ளைகளே, உங்கள் அம்மா ஒரு நாளாவது காலை ஏழு மணிக்கு வாசலில் காப்பியோடு சும்மா உட்கார்ந்ததைக் கண்டிருக்கிறீர்களா? அந்த அரை மணி அடுப்பை யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். ஆண்களும் பார்க்கலாம், தடை ஒன்றும் இல்லை.

காலை ஆறு மணிப் பூசைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கைம்பெண்களான பாட்டிமார். நடந்து வந்து, முடிந்தபின் கெபியருகே நின்று அரை மணி ஊர்க்கதை பேசி, வெளிச்சத்தில் நடந்து திரும்புகிறார்கள். ஓய்வு பெற்ற ஆண்களைக் காணோம். ஆள் சேர்க்கத்தான் சாமி இதைச் சொல்கிறார் என்று எண்ண வேண்டாம். பூசைக்கு வராவிட்டாலும், அந்த நேரத்தில் தெருவிலாவது நடங்கள் என்கிறோம். முன்பெல்லாம் ஓய்வூதியம் வாங்க மாதம் ஒருமுறை வரிசையில் நின்றோம். இப்போது அது கணக்கில் தானே விழுகிறது. நவம்பர் மாதம் உயிரோடு இருக்கிறோம் என்று வங்கிக்குப் போய்க் காட்டி வந்தோம். 2014 முதல் அதையும் கருவி மூலம் செய்ய வழி வந்து, இப்போது வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் முகத்தைக் காட்டினால் போதும். நடக்க இயலாதவர்க்கு இது பெரிய உதவி. நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நடக்கக் கூடியவரும் வீட்டைவிட்டு வெளியே வர மிச்சமிருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகின்றன. இனிக் காரணத்தை நாமாக உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

எமக்கும் விலக்கில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி பங்குத் தந்தை 75 வயதில் பணி விலகல் கடிதம் கொடுக்குமாறு கேட்கப்படுகிறார். இன்னும் இருபது ஆண்டுகூட இல்லை. எந்த அறை கொடுக்கப் போகிறீர்கள் என்று அப்போது ஆயரிடம் கேட்க எண்ணியிருக்கிறோம்.

கடைசியாக, விழாக் குழுவினருக்கு ஒரு வார்த்தை. ஆலய வளாகத்தின் கிழக்குப் பக்கம் இரண்டு வேப்ப மரங்கள் நிற்கும் இடத்தில் தகரக் கொட்டகை போட்டு, வண்டி நிறுத்துமிடம் ஆக்க வேண்டும் என்று பொன்விழாத் திட்டத்தில் எழுதிக் கொடுத்தீர்கள். ஞாயிறு தோறும் வண்டிகள் சாலை வரை நிற்பதை நாமும் பார்க்கிறோம். தேவையில்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலை ஆறு மணி முதல் எட்டரை வரை நம் வளாகத்தில் வெளிச்சமும் நிழலும் கலந்து விழும் இடம் அது ஒன்றுதான். வண்டிகளுக்குக் காலை வெளிச்சம் தேவையில்லை. கொட்டகை மேற்குச் சுவர் ஓரமாகப் போகட்டும். அங்கிருந்து ஆலய வாசலுக்கு எண்பது அடி கூடுதலாக நடக்க நேரும்; இளைஞர்கள் நடக்கலாம்.

மரத்தடியில் ஆறு பெஞ்சுகள் போடப்படும். சிமென்ட் பெஞ்சு வேண்டாம். தாழ்வாகவும் சில்லென்றும் இருக்கும், உட்கார்ந்தவர் எழ முடியாது. மரத்தில், சாய்மானமும் இருபுறம் கைப்பிடியும் வைத்துச் செய்யச் சொல்லியிருக்கிறோம். பக்கத்திலேயே ஒரு குடிநீர்க் குழாயும், படி இல்லாத ஒரு கழிப்பறையும் வேண்டும். பெரியவர்கள் பலர் வெளியே வரத் தயங்குவதன் உண்மையான காரணம் இதுதான்; கேட்டால் முழங்கால் வலி என்பார்கள். பெஞ்சுக்குப் பணம் தருகிறவர்களின் பெயர் அதில் பொறிக்கப்பட மாட்டாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறோம். நாளை மாலை 4 மணிக்குத் தச்சர் அளவெடுக்க வருகிறார். முழங்கால் வலியுள்ளவர் இரண்டு பேர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து காட்டினால், உயரத்தைச் சரியாக வைத்துவிடுவார்.